புன்னகை ஆலையில் இரண்டு கூலிகள்

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை பிற்பகல். வடகிழக்கு ஜப்பானைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கம் டோக்கியோவை ஒட்டிய உராயாசு நகரையும் உலுக்கியது. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் இருக்கும் டோக்கியோ டிஸ்னிலேண்டிலும் பக்கத்திலேயே உள்ள டிஸ்னிசீயிலும் அந்த நேரத்தில் சுமார் 70,000 பேர் இருந்தார்கள். கடைகளில் நின்ற பணியாளர்கள் அலமாரியிலிருந்த கரடி பொம்மைகளை எடுத்து, தலைக்குக் காப்பாக வைத்துக்கொள்ளும்படி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். விற்பனைக்கு வைத்திருந்த தின்பண்டங்களை இலவசமாக வழங்கினார்கள். மழையும் குளிருமாக இருந்ததால், பொருள் போட்டுத்தரும் பைகளையும் அட்டைப்பெட்டிகளையும் போர்த்திக்கொள்ளத் தந்தார்கள். ரயில்கள் ஓடவில்லை. ஏறக்குறைய 20,000 பேர் அன்றிரவு பூங்காவிலேயே தங்கினார்கள்.

பொம்மையை எடுத்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மணிக்கணக்கில் கூலி வாங்கும் பகுதிநேரப் பணியாளர்கள். கல்லூரி மாணவர்கள், குடும்பத் தலைவிகள். அவர்களுடைய வீடுகளும் அந்த மண்ணில்தான் ஆடிக்கொண்டிருந்தன. மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திராமல் அவர்கள் இயங்கியது எப்படி என்று ஜப்பானிய மேலாண்மை எழுத்தாளர்கள் பின்னர் நிறையவே எழுதினார்கள். ஆண்டுக்குச் சுமார் 180 முறை நடக்கும் பேரிடர்ப் பயிற்சியைக் காரணமாகக் காட்டினார்கள். அது சரிதான். ஆனால் பயிற்சி கைகாலுக்குப் பழக்கம் தரும்; அந்த நேரத்தில் அங்கே நிற்கவேண்டும் என்ற எண்ணத்தைத் தருமா? இந்த வேலை அதைச் செய்பவருக்கு என்னவோ ஒன்றைத் தருகிறது. அது சம்பளச் சீட்டில் வருவதில்லை. அது என்ன, எங்கிருந்து வருகிறது, யாருக்குச் சொந்தம் என்பதை விசாரிப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பூங்கா நடத்துபவர்களிடம் இதற்குத் தயாரான பதில் ஒன்று உண்டு. 1955இல் கலிபோர்னியாவின் அனாஹைமில் முதல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, பணியாளர் பயிற்சியை வகுத்தவர் வான் பிரான்ஸ். உங்கள் வேலை டிக்கெட் கிழிப்பதோ குப்பை கூட்டுவதோ அல்ல, மகிழ்ச்சியை உண்டாக்குவதுதான் என்று அவர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்கென்றே ஒரு பேச்சுமொழி பிறந்தது. வாடிக்கையாளர் 'விருந்தினர்' ஆனார். ஊழியர் 'காஸ்ட் மெம்பர்', அதாவது நாடகக் குழுவின் நடிகர் ஆனார். சீருடை 'வேடம்' ஆனது. பார்வையாளர் நடமாடும் இடம் மேடை, கதவுக்குப் பின்னால் இருப்பது பின்மேடை. இந்த மொழியில் ஒரு தந்திரமும் இருந்தது. நடிகர் மேடையில் நிற்கும்வரை முகம் சுளிக்க முடியாது. அவருடைய முடியும் மீசையும் கூட நிறுவனத்தின் கணக்கில் வந்துவிடும். நிறுவனர் வால்ட் டிஸ்னிக்கே மீசை உண்டு என்றாலும், அவர் பூங்காவில் வேலை செய்பவர் மீசை வைக்க 2000ஆம் ஆண்டுவரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

விமர்சகர்களின் பதிலும் தயாராகவே இருக்கிறது. 1983இல், டோக்கியோ டிஸ்னிலேண்ட் திறந்த அதே ஆண்டில், அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். உடலுழைப்பு, மூளையுழைப்பு போல உணர்வுழைப்பு என்று ஒன்று இருக்கிறது, முதலாளி அதையும் கூலிக்கு வாங்குகிறார் என்றார் அவர். அந்த உழைப்பில் இரண்டு வகை. உள்ளே எரிச்சல் இருக்க முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டவைப்பது ஒன்று. எதிரே நிற்பவரை வீட்டுக்கு வந்த விருந்தாளியாக நினைத்துக்கொண்டு, அந்த உணர்வையே மனத்துக்குள் வரவழைப்பது இன்னொன்று. காலப்போக்கில் தன் சிரிப்பு எது, கம்பெனியின் சிரிப்பு எது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவருடைய கவலை. இந்தப் பார்வையில், தீம் பார்க் ஊழியர் தனக்குக் கிடைப்பதாகச் சொல்லும் மனநிறைவு ஒரு ஏமாற்று. சங்கிலியைக் கொலுசு என்று நம்பவைப்பது.

ஹாக்ஸ்சைல்டுக்குப் பின் வந்த ஆய்வுகள் அவரைப் பாதி உறுதிப்படுத்தின, பாதி திருத்தின. உளவியல் ஆய்வாளர்களான ஹுல்ஸ்ஹெகரும் ஷேவேயும் 95 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியிட்ட தொகுப்பு சொல்வது இது: முகத்தில் மட்டும் ஒட்டவைக்கும் சிரிப்பு சோர்வோடும் வேலைக் கசப்போடும் தொடர்ந்து சேர்ந்துவருகிறது. உணர்வை உள்ளிருந்தே வரவழைப்பவர்களிடம் அந்தச் சேதம் பெரிதாகத் தெரியவில்லை. வேலையும் நன்றாக நடக்கிறது. இவர்களுக்கு முன்பே ஆஷ்ஃபோர்த், ஹம்ஃப்ரி என்ற இருவர் எளிமையான ஒன்றைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். சில நேரம் நடிக்கவே வேண்டியதில்லை, சிரிப்பு தானாக வருகிறது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக ராட்டினத்தில் ஏறி இறங்கிய குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. விமானத்தில் வருபவர் ஊர் போய்ச் சேர வந்தவர். பூங்காவுக்கு வருபவர் மகிழ்ச்சியாக இருப்பது என்று முடிவு செய்துகொண்டு, அதற்குக் காசும் கட்டிவிட்டு வருகிறார். இந்த வேறுபாட்டை விமர்சகர்கள் பலர் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் இதை வைத்து வேலை இனிமையானது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. அனாஹைம் பூங்காவில் இளமையில் ராட்டினம் இயக்கியவர் ஜான் வான் மானன். தலைமுடி நீண்டுவிட்டதால் வேலை போனது. பின்னாளில் எம்.ஐ.டி.யில் பேராசிரியராகி, 1991இல் 'புன்னகை ஆலை' என்று அந்த இடத்துக்குப் பெயர் சூட்டி ஒரு கட்டுரை எழுதினார். வேலையாட்களுக்குள் இருந்த சாதியடுக்கு போன்ற வரிசையை அவர் பதிவு செய்திருக்கிறார். உச்சியில் இரண்டு மொழி பேசும் தூதர்களும் வழிகாட்டிகளும். அடுத்து, மைக்கில் பேசிக்கொண்டே படகோ ரயிலோ ஓட்டுபவர்கள். அதற்குக் கீழே மற்ற ராட்டினக்காரர்கள், பிறகு துப்புரவாளர்கள். அடிமட்டத்தில் சோளப்பொரியும் குளிர்பானமும் விற்பவர்கள். ஒரே வசனத்தை நாள் முழுக்கச் சொல்வதால் மனம் மரத்துப்போவதையும் அவர் மறைக்கவில்லை. திமிராக நடந்துகொண்ட விருந்தினரின் இருக்கைப் பட்டையைச் சிரித்துக்கொண்டே ஒரு பிடி அதிகமாக இறுக்குவது, ஒன்றாக வந்த கூட்டத்தை ஏறும் கடைசி நொடியில் இரண்டாகப் பிரித்து வெவ்வேறு வண்டியில் ஏற்றுவது என்று பழிவாங்கும் கலை ஒன்றும் அங்கே வளர்ந்திருந்தது. இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அதில் ஒரு சேதியும் இருக்கிறது. வேலையாளின் மனத்துக்குத் தெம்பு தந்தவற்றில் பாதி, பயிற்சிப் புத்தகத்தில் இல்லாதவை: சகாக்களோடு சேர்ந்து செய்த குறும்பு, வேலை முடிந்தபின் தொடர்ந்த நட்பு, காதல்.

இங்கே துப்புரவாளரை மட்டும் தனியாகக் கொஞ்சம் பார்க்கவேண்டும், ஏனென்றால் அடுக்கு தலைகீழாவது அவரிடம்தான். பூங்காவில் மக்கள் அதிகம் பேசுவது துடைப்பக்காரரிடம். ராட்டினக்காரர் தன் இடத்தை விட்டு அசைய முடியாது, கடைக்காரர் கல்லாவை விட்டு வர முடியாது. துடைப்பக்காரர் நடந்துகொண்டே இருப்பவர். கழிவறை எங்கே, ஊர்வலம் எத்தனை மணிக்கு, குழந்தை தொலைந்துவிட்டது என்று எல்லாம் அவரிடம்தான் வரும். டோக்கியோவில் இந்த வேலை விரும்பிக் கேட்டு வாங்கும் வேலையாகவே மாறியது. ஈரத் துடைப்பத்தால் தரையில் மிக்கியையும் டொனால்டையும் வரைந்துகாட்டுவார்கள். வெயிலில் அது சில நிமிடங்களில் காய்ந்துபோகும். என்ன பொறுக்குகிறீர்கள் என்று குழந்தை கேட்டால், கனவின் துண்டுகளை என்று பதில் சொல்லும் வழக்கம் ஜப்பானில் மிகப் பிரபலம். இதைப் பசப்பு என்று தள்ளிவிடலாம். ஆனால் துடைப்பத்தால் வரைய முதலில் தோன்றியவருக்கு, கூட்டுவதற்கான கூலியில் அது சேராது என்று தெரிந்திருக்கும். டோக்கியோ பூங்காவை ஆராய்ந்து 1999இல் நூல் எழுதிய அவியாட் ராஸ், இதை அமெரிக்க இறக்குமதி என்று மட்டும் பார்க்கக்கூடாது, ஜப்பானியர் அதைத் தங்கள் வேலைப் பண்பாட்டுக்குள் இழுத்துத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள் என்று வாதிட்டார்.

மனநிறைவு எங்கே ஊறுகிறது என்பதற்கு இதிலிருந்து ஒரு தடம் கிடைக்கிறது. தன் வேலையின் பலன் போய்ச்சேரும் முகத்தைத் தன் கண்ணால் பார்ப்பது முதல் ஊற்று. ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் 2007இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. பல்கலைக்கழகம் ஒன்றுக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் வேலை, அலுப்புத் தட்டும் வேலை. அந்தப் பணத்தால் படித்த மாணவர் ஒருவரைச் சில நிமிடம் நேரில் சந்தித்தவர்கள், ஒரு மாதம் கழித்து 142 சதவீதம் கூடுதல் நேரம் தொலைபேசியில் செலவிட்டார்கள். அவர்கள் திரட்டிய தொகை 171 சதவீதம் உயர்ந்தது. கூலி ஒரு காசு கூடவில்லை. தொழிற்சாலையில் சட்டை தைப்பவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மகிழும் ஆளை ஒருநாளும் பார்ப்பதில்லை. பூங்காவில் வேலை செய்பவர் அவரை நாள் முழுக்கப் பார்க்கிறார்.

இரண்டாவது ஊற்று, தானே முடிவெடுக்கக் கிடைக்கும் சிறிய இடம். டிஸ்னி பூங்காக்களில் பல பத்தாண்டுகளாக நான்கு விதிகள் ஒரு வரிசையில் சொல்லித்தரப்பட்டன: பாதுகாப்பு, மரியாதை, காட்சி, திறன். வரிசைதான் முக்கியம். ஒன்றோடொன்று மோதினால் முன்னதே வெல்லும். நிலநடுக்க நாளில் கரடி பொம்மையை இலவசமாகத் தூக்கிக் கொடுத்தவர் விற்பனைக் கணக்கை மீறினார். ஆனால் முதல் விதிக்குக் கட்டுப்பட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவேண்டிய தேவை இல்லாததால்தான் அது அவருடைய செயலாகியது. வசனத்தை வரிவரியாக எழுதிக் கொடுத்து, அதன்படியே சிரிக்கச் சொல்லும் இடத்தில் இந்த ஊற்று வற்றிவிடும்.

வேடத்துக்குள் இருப்பவரின் நிலை இன்னும் விசித்திரமானது. மிக்கியாகவோ வேறு பாத்திரமாகவோ உள்ளே நிற்பவர் சிரிக்கவே வேண்டாம், முகம் வெளியே தெரியாது. வியர்வையும் பாரமும் அவருக்கு. அணைப்பு முழுவதும் மிக்கிக்கு. அந்த அணைப்பு தனக்கில்லை என்று தெரிந்தும், குழந்தையின் கைகளின் இறுக்கம் படுவது அவருடைய உடம்பில்தான். தான் இன்ன பாத்திரம் என்று அவர்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, இன்னாருடைய நண்பர் என்றுதான் சொல்வார்கள். பெயரில்லாமல் கொடுப்பதில் ஒரு சுகம் உண்டு. அதற்கு உடம்பு கொடுக்கும் விலையும் உண்டு. டோக்கியோ பூங்காவில் வேடமணிந்து பணியாற்றிய இரண்டு பெண்கள் 2018இல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். கனமான உடையோடு கையை ஓயாமல் ஆட்டியதில் ஒருவருக்கு வந்த நோயை, ஜப்பானிய அரசின் தொழிலாளர் அலுவலகம் வேலையால் வந்தது என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தது.

இந்தத் தொழிலின் மறுகோடியில் நம் ஊர்க்காரர் ஒருவர் நிற்கிறார். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி பூங்காவின் சிலை மனிதரைப் பார்க்காமல் வளர்ந்த சென்னைப் பிள்ளைகள் குறைவு. பெரிய மீசை, தலைப்பாகை, காவலர் உடுப்பு. லண்டன் அரண்மனைக் காவலர்களைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். கண்ணெதிரே குரங்குச் சேட்டை செய்தாலும் அவர் சிரிக்கமாட்டார். சிரிக்கவைத்தால் பரிசு என்று சவால் வேறு. உலகப் பூங்காக்களெல்லாம் ஊழியரின் புன்னகையை விலைபேசும்போது, இங்கே விற்பனைக்கு இருப்பது புன்னகை வராத முகம். ஹாக்ஸ்சைல்டின் கணக்குப்படி, உணர்வை இப்படி அடக்குவது மிகக் கொடிய உழைப்பாக இருக்கவேண்டும். மணிக்கணக்கில் நிற்பது உடம்புக்குக் கொடியதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர் நடிக்கிறார் என்பது சுற்றி நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அது வித்தை என்று ஒப்புக்கொண்டுதான் தோற்றுப்போய்க் கைதட்டுகிறார்கள். கல்லாவில் சிரிப்பவரின் சிரிப்பு அப்படியல்ல. அது நடிப்பாகத் தெரியக்கூடாது என்பதே நிபந்தனை, அதனால் அதற்குக் கைதட்டலும் கிடையாது. உணர்வுழைப்பு ஆளைத் தின்பது, அது உழைப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ளாத இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சிறுவயதில் அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்துத் தோற்றவர்கள் இன்று தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். எந்தப் பாராட்டுச் சான்றிதழும் இதற்கு ஈடாகாது.

ஆக, மனநிறைவு மெய்யானது. சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பண்டர்சன், தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வட அமெரிக்காவில் 157 விலங்குக் காட்சியகங்களைச் சேர்ந்த 982 பராமரிப்பாளர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். இந்த வேலைக்காகவே பிறந்தேன் என்று நினைப்பவர்களுக்கு வேலை மிகுந்த பொருளுள்ளதாக இருந்தது. சம்பளத்தையும் வசதியையும் தியாகம் செய்யத் தயாராக இருந்தவர்களும் அவர்களே; நிர்வாகம் தங்களைச் சுரண்டுகிறதோ என்ற ஐயம் அதிகமாக எழும் நிலையில் இருந்தவர்களும் அவர்களே. 2020இல் ஜே கிம்மும் சகாக்களும் நடத்திய ஆய்வுகள் மறுபக்கத்தைக் காட்டின. ஒருவர் தன் வேலையை நேசிக்கிறார் என்று தெரிந்தால், கூலியில்லாமல் கூடுதல் வேலை வாங்குவதையும், வேலைக்குச் சம்பந்தமில்லாத கீழான காரியங்களைச் செய்யச் சொல்வதையும் மற்றவர்கள் நியாயம் என்றே கருதுகிறார்கள். பிரியமாகத்தானே செய்கிறான், செய்யட்டுமே என்ற குரல் நமக்கு அந்நியமானது அல்ல. அங்கன்வாடிப் பணியாளரும் செவிலியரும் அதைக் கேட்டுக்கேட்டுச் சலித்தவர்கள்.

அனாஹைமில் இந்தக் கணக்கு எங்கே போய் முடிந்தது என்பதற்கு 2018இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை சான்று. தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்றின் உதவியோடு, ஆக்சிடென்டல் கல்லூரியும் எகனாமிக் ரவுண்ட்டேபிள் என்ற அமைப்பும் சுமார் 5,000 டிஸ்னிலேண்ட் ஊழியர்களிடம் கேட்டு எழுதியது. மாதாந்திர அடிப்படைச் செலவுக்குச் சம்பளம் போதவில்லை என்றவர்கள் நான்கில் மூன்று பேருக்குச் சற்றுக் குறைவு. முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் தங்க வீடில்லாமல் இருந்ததாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கு மேல். சங்கங்களின் பங்கு அதில் இருந்ததால் நிறுவனம் அறிக்கையை ஏற்கவில்லை. ஆனால் அதே 2018 நவம்பரில் அனாஹைம் வாக்காளர்கள், நகரத்திடம் சலுகை பெறும் பெரிய விடுதி நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அது தனக்குப் பொருந்தாது என்று டிஸ்னி வழக்காடியது. மேல்முறையீட்டில் தோற்று, 2024 டிசம்பரில் 233 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு உடன்பட்டது.

இங்கே விமர்சகர்களின் சித்திரம் மறுபடியும் தடுமாறுகிறது. மனநிறைவு வேலையாளை மயக்கிப்போடும் அபின் என்றால், இவர்கள் போராடவே கூடாது. நடந்ததோ வேறு. 1984இல் டிஸ்னிலேண்ட் ஊழியர்கள் ஊதியமும் சலுகைகளும் பற்றிய தகராறில் 22 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதை ஆராய்ந்த ரூத் ஸ்மித்தும் எரிக் ஐசன்பெர்கும் ஒன்றைக் கவனித்தார்கள். நிர்வாகம் பூங்காவை நாடகமாகப் பேசியது; ஊழியர்களோ வால்ட் டிஸ்னி காலத்திலிருந்து அதைத் தங்கள் குடும்பமாக நினைத்தார்கள். இந்தத் தகராறில் அவர்களுக்கு வந்த கோபம் கணக்கு வழக்கில் வந்த கோபமல்ல, வீட்டில் வஞ்சிக்கப்பட்ட கோபம். குடும்பமென்றால் கஷ்டகாலத்தில் விட்டுக்கொடுக்கவும் வேண்டும் என்று நிர்வாகமும் அதே பேச்சைத் திருப்பிப்போட்டது. கூட்டுக்குடும்பத்தில் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு இந்த வாதங்கள் இரண்டுமே பழக்கமானவை. பூங்காவின் மீதிருந்த பாசம் இங்கே வாயைக் கட்டவில்லை. எது நியாயம் என்று கேட்கும் வாயையே அது தந்தது.

நாற்பது ஆண்டு கழித்தும் அதுவே நடந்தது. 2024 கோடையில் அனாஹைமில் நான்கு சங்கங்களைச் சேர்ந்த சுமார் 14,000 பேர் வேலைநிறுத்தத்துக்குப் பெருவாரியாக ஒப்புதல் தந்தார்கள். நிறுத்தம் நடக்குமுன்பே ஒப்பந்தம் வந்தது. அடிப்படைக் கூலி மணிக்கு 24 டாலர் ஆயிற்று. அவர்கள் சட்டையில் குத்திக்கொண்ட பொத்தானில் இருந்தது, உயர்த்திய முஷ்டியாக மடங்கிய மிக்கியின் வெள்ளைக் கையுறை.

ஆகவே இந்தத் தொழிலைப் பற்றிய என் முடிவு இது. பூங்கா வேலை தரும் உணர்ச்சி வருமானம் மெய்யானது. அது ஊழியரின் சம்பாத்தியம். பார்வையாளரும் ஊழியரும் தங்களுக்குள் உண்டாக்கிக்கொள்வது அது. நிறுவனம் அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதைத் தான் கொடுத்த படியாகக் காட்டி நிறுவனம் கூலியில் பிடித்தம் செய்ய முற்பட்டால், அடுத்தவர் சம்பாத்தியத்தில் கை வைக்கிறது என்று பொருள். சென்னையைச் சுற்றியும் பூங்காக்கள் பெருகிவருகின்றன. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லா திறந்தது. அவற்றில் நிற்கப்போகும் இளைஞர்களில் பலருக்கு அதுவே முதல் வேலை. இந்தக் கணக்கை அவர்கள் தொடக்கத்திலேயே பிரித்துப் பார்ப்பது நல்லது.

2024 மே மாதம் டிஸ்னிலேண்டில் மிக்கியாகவும் இளவரசியாகவும் வேடமணிபவர்களும் ஊர்வலத்தில் ஆடுபவர்களுமாகச் சுமார் 1,700 பேரிடையே, சங்கம் வைக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 953, எதிராக 258. அவர்களில் முன்னின்றவர்கள் வேலையை வெறுப்பதாக எங்கும் சொல்லவில்லை. தூய்மையான வேடங்கள், பாதுகாப்பு, ஒழுங்கான வேலைநேரம், கூலி ஆகியவற்றையே கேட்டார்கள். தங்கள் அணிக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'மேஜிக் யுனைடெட்'.